சொம்பில் ஊற்றிய இத்தாலி ஒயின்

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று என் வெள்ளைச் சட்டையில் ஊதா நிறத்தில் ஒரு கறை விழுந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதைச் சுற்றித் தெறித்த புள்ளிகள் பதினொன்று. என் மனைவி மூன்று வகை சோப்புப் போட்டுப் பார்த்தாள். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். கறை வெளுத்தது, போகவில்லை. அந்தச் சட்டையை இப்போது எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். திராட்சைக் கறை என்று சொன்னால் அங்கே யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளைந்த வயலில் ஒரு சதுரத்தை அளந்து, கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து எடைபோட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதி அனுப்புவது என் வேலை. ஆண்டிபட்டி பக்கம் சோளம், வைகை அணைக்குக் கீழே நெல், எங்கள் பக்கம் திராட்சை. அந்த வேலையால் எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பேருந்தில் ஏறினால் நிற்பவர்களை எண்ணுவேன். கல்யாண வீட்டில் இலைகளை எண்ணுவேன். மனைவி கேலி செய்வாள், நான் விடவில்லை. மனிதர்கள் சொல்வதில் பாதி நம்ப முடியாது, எண்கள் அப்படியில்லை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மகள்களுக்குப் பிறகு பிறந்தவன் என் மகன். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தான். மேற்படிப்புக்கு இத்தாலிக்குப் போனான். படிப்பு முடிந்ததும் ஏதாவது கல்லூரியில் பேராசிரியராக வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அங்கேயே ஒரு மலையூரில், சிறிய ஒயின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. யாராவது, "மகன் என்ன செய்யுறாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கம்பம் கடைவீதிக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம், "பழச்சாறு கம்பெனி" என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாய்க்குப் பழகிவிட்டது.

அவனுக்குப் பார்த்த வரன்களில் ஏழு தட்டிப்போயின. நான்கு, வயது கூடிவிட்டது என்றும் தூரதேசம் என்றும் போனவை. மூன்று, எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, "ஒயின் ஃபேக்டரியா?" என்ற கேள்வியோடு நின்றவை. எட்டாவது வரன் கூடலூரிலிருந்து வந்தபோது தரகரிடம் நானே, "பழச்சாறு கம்பெனின்னு சொல்லுங்க" என்றேன். தரகர் தலையை ஆட்டினார். அவருக்கு அது புதிதில்லை போலிருந்தது.

அதற்கடுத்த மாதம் மகன் விடுப்பில் வந்தான். பெட்டியைத் திறந்து, இரண்டு தடித்த கம்பளிக் காலுறைகளுக்குள் நுழைத்து வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். கறுப்பு என்றே சொல்லத்தக்க சிவப்பு. வெண்மையான தாளில் ஒரு மலையூரின் கோட்டுப்படம், அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

"நாங்க போட்டதுப்பா. இது புளிச்ச தொட்டிய முழுக்க நான்தான் பாத்துக்கிட்டேன். போன வருசம் போட்டியில தங்கப் பதக்கம் வாங்குச்சு."

"அந்தப் போட்டியில மொத்தம் எத்தனை பேருக்குத் தங்கம் குடுத்தாக?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் எண்ணுங்களேன்ப்பா."

அந்த ஊர் இருக்கும் மாகாணத்தின் பெயர் மொலீசே என்றான். நான் கேள்விப்பட்டதே இல்லை. "நீங்க மட்டும் இல்ல, அந்த நாட்டுக்காரகளே அப்படி ஒரு மாகாணம் இல்லவே இல்லைன்னு கேலி பண்ணுவாக" என்று சிரித்தான். அங்கே மட்டும் விளையும் ஒரு கறுப்புத் திராட்சையில் போட்டதாம். ஏக்கருக்கு என்ன காய்க்கும் என்று கேட்டேன். அவன் சொன்னது நம் பன்னீர் திராட்சையின் காய்ப்பில் கால்வாசிகூட இல்லை.

"இதுக்கு ஒரு கொடியா? நான் அங்கன அதிகாரியா இருந்தா அத்தனையும் பிடுங்கச் சொல்லி எழுதியிருப்பேன்."

"அப்படித்தான் எழுதுனாகளாம். எல்லாரும் பிடுங்கிட்டாக. பிடுங்காம விட்ட நாலஞ்சு வீட்டுல எங்க மொதலாளி வீடு ஒண்ணு."

பிறகு, "ரெண்டு பாட்டில் கொண்டாரலாம்னு நெனச்சேன். ஒண்ணு போதும், உங்ககூட உக்காந்து திறக்கணும்னு ஒண்ணு மட்டும் கொண்டாந்தேன்" என்றான்.

நான் பாட்டிலை எடுத்து பீரோவில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். அப்போதுதான் பழச்சாறு விஷயத்தையும் அவனிடம் சொன்னேன். கல்யாணம் ஆகட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

"நான் செய்யுறது திருட்டு வேலையாப்பா?"

"அப்படி யார்ரா சொன்னது? அவுக போற வரைக்கும் வாயத் திறக்காம இரு. அது போதும்."

பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன். அப்பாவுக்குக் கூடலூரில் இரண்டு ஏக்கர் பன்னீர் பந்தல். தாய்மாமன் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். நான் காலையிலிருந்தே படபடப்பாக இருந்தேன். மின்சாரம் போய்விடுமோ, பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து எதையாவது உளறிவிடுவாரோ என்று கவலை. நாற்காலிகள் ஒன்பது, ஒன்றுக்குக் கால் ஆட்டம். அதில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி விருந்தாளிகளுக்குத் திராட்சை ரசம் கொடுப்பதற்காக மனைவி பன்னீர் பழத்தைக் கொதிக்கவைத்து, பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாள். பெண்ணின் அம்மா என் மனைவியோடு உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பின்பக்கம் கிணற்றைப் பார்க்கப் போனார். நாங்கள் நான்கு ஆண்கள் கூடத்தில் இருந்தோம். மழை, மருந்து விலை, கேரளாவுக்குப் போகும் லாரிகள் என்று பேச்சு நன்றாகவே போனது. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அப்போது பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள பழச்சாறு கம்பெனில இருக்காகன்னு தரகர் சொன்னாரு. சாம்பிள் எதுவும் கொண்டாந்தாகளா சார்? நம்ம பழத்துலயும் அப்படிப் போட முடியுமான்னு பாக்கலாம்ல."

மகன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். "இருக்கு, இருக்கு. ஒரு பாட்டில் இருக்கு. நான் எடுத்தாரேன்" என்று எழுந்துவிட்டேன். அவனை உட்கார்ந்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

பீரோவிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என் யோசனை எளிதானது. உள்ளே இருப்பதை ஊற்றிவிட்டு மனைவி போட்ட சாற்றை நிரப்பிக் கொண்டுபோய் வைப்பது. தக்கையை இழுக்கும் கருவி மகனின் பெட்டியில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மத்தின் காம்பைத் தக்கையின் மேல் வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன். தக்கை உள்ளே போனது. பாட்டிலின் கழுத்திலிருந்து ஒயின் பீறிட்டு என் நெஞ்சில் அடித்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னங்க பண்றீக? அவன் கொண்டாந்ததுல்ல அது?"

"சத்தம் போடாத. அந்தச் சொம்ப எடு."

"அவன் கேட்டா என்ன சொல்லுவீக?"

"நான் பாத்துக்கிறேன்."

சாக்கடையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. அது நல்ல எண்ணத்தால் அல்ல. எதையும் கொட்டிப் பழக்கமில்லாததால். பெரிய எவர்சில்வர் சொம்பில் ஊற்றித் தட்டைப் போட்டு மூடினேன். புனலை வைத்துப் பன்னீர்ச் சாற்றைப் பாட்டிலில் நிரப்பினேன். தோளில் ஒரு துண்டைப் போட்டுக் கறையை மறைத்துக்கொண்டு, நான்கு தம்ளர்களோடு கூடத்துக்கு வந்தேன். மனைவி என் பின்னால் வரவில்லை.

மகன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு பாட்டிலுக்குள் மிதந்த தக்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

தாய்மாமன் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார். பூச்சிமருந்துக் கடைக்காரர் அல்லவா, எந்த டப்பாவைக் கொடுத்தாலும் முதலில் அவர் கண் சதவீதத்துக்குத்தான் போகும்.

"பதினாலு பர்சன்ட்டுன்னு போட்டிருக்கு. எதோட பர்சன்ட் சார்?"

"இனிப்பு" என்றேன். "சர்க்கரை பதினாலு சதவீதம்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து தடுக்காமல் வந்தது. உத்தியோகத்தில் இருந்தபோது மகசூலைக் கூட்டிப் போடச் சொல்லி மேலதிகாரிகள் என்னை எவ்வளவோ நெருக்கியிருக்கிறார்கள். குறைத்துப் போடச் சொல்லி ஊர்க்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். நான் இசைந்ததில்லை. அதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன். கடைசியில் யாரும் நெருக்காமல், என் வீட்டுக் கூடத்தில், மகன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு எண்ணுக்குப் பொய்யான பெயரை வைத்தேன். பொய்ச் சாற்றைவிட, தோளில் போட்ட துண்டைவிட, அதுதான் இன்றும் என்னைக் குறுக வைக்கிறது.

நான்கு தம்ளர்களிலும் ஊற்றினேன். பெண்ணின் அப்பா தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். ஒரு வாய் குடித்தார். தம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஏன் சார், இத்தாலில பன்னீர் வெளையுதா?"

தாய்மாமன் தம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே சொன்னார்: "அதுவும் நம்ம சுருளி ஆத்துத் தண்ணி பாஞ்ச பன்னீரு, அத்தான்."

பன்னீர் திராட்சையின் வாசம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்குத்தான் தெரியாது? கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். காலம் முழுவதும் அந்தப் பந்தலுக்கடியில் நிற்கும் ஒருவருக்கு அதையே ஊற்றி வெளிநாட்டுச் சரக்கு என்று கொடுக்க, என்னைப்போல் பதறிப்போன ஒருவனுக்குத்தான் தோன்றும்.

மகன் தன் தம்ளரிலிருந்து ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"இது எங்கம்மா போட்ட ஜூசு, மாமா. நான் கொண்டாந்தது ஒயின். நான் வேலை பாக்குறதும் ஒயின் போடுற எடம். பழச்சாறு கம்பெனி இல்ல. அந்தப் பதினாலு பர்சன்ட்டும் சர்க்கரை இல்ல, ஆல்கஹால்."

யாராவது எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. பெண்ணின் அப்பா மிச்சமிருந்த சாற்றை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தெரியும் மாப்ள. மொதத் தடவ போன்ல பேசுனப்பவே எம்மககிட்டச் சொல்லிட்டீகளாம்ல. அவ அன்னைக்கே எங்ககிட்டச் சொல்லிட்டா." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுவீகளான்னு பாக்கத்தான் சார் சாம்பிள் கேட்டேன். விருட்டுன்னு எந்திரிச்சு உள்ள போனீகளா, சரி, கொண்டாந்து வச்சு உள்ளதச் சொல்லிருவாகன்னு நெனச்சேன்."

தரையில் பதித்த டைல்ஸை எண்ண ஆரம்பித்திருந்தேன். சுவரோரம் உடைந்த துண்டை ஒன்றாகக் கணக்கில் எடுப்பதா பாதியாக எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் நிறுத்தினேன்.

"மழையில வெடிச்சுப்போற பழத்த நான் ஒயின் ஃபேக்டரிக்குத்தான் அனுப்புறேன். இங்கனயே லாரி வருதே. நீங்க எங்க அனுப்புறீக சார்?"

"அதே லாரிக்குத்தான்" என்றேன்.

"பெறகென்ன?"

என் பந்தலில் வெடித்த பழம் கூடை கூடையாக அந்த லாரியில் ஏறும்போது நானே பக்கத்தில் நின்று கூடைகளை எண்ணியிருக்கிறேன். அது எங்கே போய் என்னவாகிறது என்று தெரியாதவன் இல்லை. என் கொடி ஒயினுக்குப் போகலாம், என் மகன் போகக் கூடாது என்று எந்தக் கணக்கில் வைத்திருந்தேன்?

தாய்மாமனுக்கு வேறு கவலை. "அது கெடக்கட்டும் அத்தான். பாட்டில்ல முன்னால இருந்தது இப்ப எங்க?"

அடுப்படி வாசலிலிருந்து மனைவி சொன்னாள்: "சொம்புல இருக்குண்ணே. யாரும் வாய் வைக்காத சொம்புதான்."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு பெண்ணின் அப்பா. துண்டு நழுவிவிட்டதால் என் சட்டையையும் பார்த்துவிட்டார்கள். "சார் சட்டையில ஊத்தியே டெஸ்ட் பண்ணிட்டாரு" என்றார் தாய்மாமன். மகன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சொம்பை வாங்கிவந்து, தம்ளர்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அளவுக்கு ஊற்றினான். எனக்கும் ஊற்றினான். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பெண்ணின் அப்பா குடித்துவிட்டு முகத்தைக் கோணினார். "ஆத்தாடி! மாதுளந்தோலக் கடிச்ச மாதிரில்ல இருக்கு. இதுக்கா தங்கம் குடுத்தாக?"

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு மாமா. ஒடனே முழுங்காம வாயில கொஞ்சம் வச்சுப் பாருங்க."

"நீங்க விடுங்க அத்தான், எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு" என்று தாய்மாமன் இரண்டாவது வாய் குடித்தார். யோசித்தார். "எனக்குப் பழக்கமான எதுமாதிரியும் இல்லையே இது!"

நான் என் ஆயுளில் அதுவரை மது தொட்டதில்லை. ஒரு வாய் எடுத்தேன். இனிப்பே இல்லை. திராட்சை என்றால் இனிப்பு என்று பழகிய நாக்குக்கு அது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பழுக்காமல் வெட்டிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. கன்னத்தின் உட்புறம் இரண்டும் சுருங்கின. விழுங்கிய பிறகு, காய்ந்துகொண்டிருக்கும் மிளகின் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு காரம் மெதுவாக மேலே வந்தது. குமுளிப் பக்கத்து மலைச்சரிவில் மழை விட்டதும் வரும் மண்ணின் வாசம் அதற்கடியில் இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நன்றாக இருந்ததா என்று முடிவுசெய்ய எனக்கு அதில் தேர்ச்சியில்லை. ஆனால் வெகுநேரம் வாயில் நின்றது. ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டவனுக்கு இதை எப்படி எடைபோடுவது என்று தெரியவில்லை.

மகன் அப்போதுதான் கொஞ்சம் பேசினான், என்னிடம் அல்ல, அவர்களிடம். பனிக்காலத்தில் விரல் மரத்துப்போகக் கவாத்து வெட்டுவதை, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவதை, காலையில் வெறும் வயிற்றில் ருசிபார்த்துத் துப்புவதைச் சொன்னான். "போட்டியில பாட்டில் மேல துணியச் சுத்திட்டுத்தான் ஊத்துவாக. எந்த ஊரு, யாரு போட்டதுன்னு தெரியாது. ஊர் பேரு தெரிஞ்சிருந்தா எங்களத ஒதுக்கியிருப்பாக" என்றான். பதக்கம் அறிவித்த அன்று அந்த முதலாளியின் வயதான அம்மா ஊரில் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாராம். எங்கள் வீட்டிலும் அவன் ஒரு கதவைத் தட்டிப் பார்த்தான். நான் பீரோவைத் திறந்து அடைத்துவைத்தேன்.

புறப்படும்போது பெண்ணின் அப்பா வாசலில் நின்றார். எட்டாவதும் போயிற்று, இந்தத் தடவை ஒயினால் அல்ல, என்னால் என்று நினைத்தேன்.

"மாப்ளய எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார். எம்மக மனசும் அதான். ஆனா ஒண்ணு. நாளைக்கு அவ உங்க சொந்தக்காரக முன்னால வந்து நிக்கணும். 'ஒம் புருசன் என்ன சாறு போடுறாரு'ன்னு கேட்டா, நீங்க சொன்ன பொய்ய அவ தூக்கிச் சொமக்கணும். அது வேண்டாம். யார்யார்கிட்ட அப்படிச் சொன்னீகளோ அம்புட்டுப் பேருகிட்டயும் நீங்களே போயி மாத்திச் சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நிச்சயத்த வச்சுக்கிருவோம்."

அவர்கள் போன பிறகு மகன் பாட்டிலிலிருந்த சாற்றைக் கவிழ்த்துவிட்டு, கம்பியை விட்டு அந்தத் தக்கையை எடுக்க முயன்றுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். "தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சுதானப்பா பண்ணுனீக" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

யாரிடமெல்லாம் பழச்சாறு என்று சொல்லியிருந்தேன் என்று கூட்டிப்பார்த்தேன். இருபத்திரண்டு வீடு. ஒவ்வொன்றாகப் போனேன். சிலர் ஒப்புக்கு ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் கைப்பேசியைத் திறந்து, பீப்பாய்களுக்கு நடுவே என் மகன் கோப்பையோடு நிற்கும் படத்தைக் காட்டினார். அதை அவர் எப்போதோ பார்த்திருக்கிறார், எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். உத்தமபாளையத்தில் என்னோடு வேலை பார்த்த பாய் காப்பி கொடுத்து, "உங்க மகன் அவரு வேலையச் செய்யுறாரு. நான் குடிக்க மாட்டேன், கல்யாணத்துக்கு வருவேன். இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்தீக?" என்றார். வெயிலில் வந்ததற்கு இரக்கப்பட்டார். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இருபத்தோரு வீடு முடிந்தது. கெங்குவார்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். உண்மையில் அந்தப் பொய்யை நான் முதலில் சொன்னது கடைவீதியிலோ தரகரிடமோ அல்ல, அக்காவிடம்தான். அவள் புருஷன் குடித்தே செத்தவர். தோட்டத்தில் பாதியும் அக்காவின் காதிலும் கழுத்திலும் கிடந்ததும் அதில் போயின. ஒரு தடவை அவர் அடித்ததில் அக்காவின் இடது காது இன்றும் சரியாகக் கேட்காது. மகனுக்கு வேலை கிடைத்த அன்று, "மருமகனுக்கு என்ன வேலைடா?" என்று அவள் ஆசையோடு கேட்டாள். அந்த வாசலில் நின்றுகொண்டு ஒயின் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அப்படித்தான் பழச்சாறு பிறந்தது.

நான் போனபோது அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து அறுவை செய்து சில நாட்கள் ஆகியிருந்தன. "நல்ல நேரத்துல வந்தே. இந்த மருந்த விட்டுட்டுக் கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறணுமாம். மருமக கடைக்குப் போயிருக்கா, நீ விடு" என்றாள். வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். அவள் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். சாறு இல்லை, ஒயின் என்றேன். உனக்குப் பயந்துதான் மறைத்தேன் என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நான் பாக்காதப்பச் சொன்னா லேசா இருக்கும்னு பாத்தியாக்கும்?"

மருந்துக் குப்பியை மூடினேன்.

"எம் புருசன் குடிச்சான். ஒம் மகன் காச்சுறான்."

"காச்சுறது இல்லக்கா, புளிக்க வச்சு..."

"ஏலே, திருத்தாத. ரெண்டும் வேறயா? நீ படிச்சவன்தான, சொல்லு."

அவள் உண்மையாகவே கேட்டாள். வேறுதான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஒன்றுதான் என்று சொல்லவும் முடியவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

"அவன் குடிப்பானா?"

"வேலையில வாயில வச்சுத் துப்பிருவானாம்."

"வீட்டுலயும் துப்புவானா?"

"அதக் கேக்கல."

"கேளு. இப்பவே கேளு."

கைப்பேசியில் மகனைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு அவள் வலது காதருகே வைத்தேன். அவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடேன்டா என்று உள்ளுக்குள் நான் கெஞ்சினேன். இத்தனை வீடு ஏறி இறங்கிய பிறகும் எனக்கு அதுதான் தோன்றியது.

"குடிப்பேன் அத்த. சாப்பாட்டோட ஒரு கிளாசு. அதுக்கு மேல இல்ல. அதுவும் ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா நீங்க இருக்குற எடத்துல தொட மாட்டேன்."

அக்காவின் மூடிய இமைக்குக் கீழே ஈரம் இருந்தது. மருந்தா வேறா என்று நான் கேட்கவில்லை.

"சரிய்யா. பொண்ண நல்லாப் பாத்துக்க. நான் வர்றேன். ஆனா அந்தத் தண்ணி கல்யாண வீட்டுப் பக்கம் வரக் கூடாது."

"வராது அத்த."

கைப்பேசியை அணைத்தேன். அக்கா சொன்னாள்: "அவன் ஒரு கிளாசுன்னு சொன்னான், நம்புறேன். அதையே நீ வந்து சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

கூடலூருக்கு, பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்ய வெளியே போக எழுந்தேன். "எங்க போற? இந்தக் கண்ணுக்கும் விட்டுட்டுப் போ" என்றாள். குனிந்து இடது கண்ணுக்கு நேராக மருந்தைப் பிடித்தேன். அழுத்தினேன்.

"விட்டியா?"

"கன்னத்துல விழுந்துருச்சுக்கா."

"சரி, இன்னொண்ணு விடு."